8 இரவு பச்சை: ரப்பர் பால் பணப்பட்டுவாடா சேவையின் சோதனையில் பிழை கையாளல் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகர்கோவிலில் இயங்கும் நான்கு பேர் கொண்ட சோதனைக் குழு எங்களுடையது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு வட்டாரங்களில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் இணையச் சேவைகளை நாங்கள் சோதித்து வந்தோம். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. நடந்ததில் பெரும்பங்கு எங்கள் அமைப்பில் இருந்த குறை, அதனால்தான் எழுதுகிறேன்.

கொள்முதல் நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் பிழையின் கனம் புரியும். விடியற்காலையில் பால் வெட்டி, கேன்களில் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது, பத்து மணிக்குள் விவசாயிகள் கொள்முதல் மையத்துக்கு வந்துவிடுவார்கள். எடை போட்டு, மாதிரி எடுத்து, பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இதை டிஆர்சி என்பார்கள், பெரும்பாலும் 30 முதல் 40 வரை இருக்கும். அந்தக் கணக்குப்படி தொகை முடிவாகி, ஒரு வரவு எண்ணோடு ரசீது கிடைக்கும். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். எல்லா மையங்களும் ஒரே இரண்டு மணி நேரத்தில் சேவையைக் கூப்பிடும். மலையோர மையங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும், ஐப்பசி மழையில் இன்னும் மோசம்.

சேவை சோப் 1.1 முறையில் (கோரிக்கையையும் பதிலையும் எக்ஸ்எம்எல் உறையில் இட்டு அனுப்பும் SOAP நெறி) எழுதப்பட்டது, மொத்தம் ஏழு செயல்பாடுகள். அவற்றில் 'பணம் அனுப்பு' என்பதில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கும். சோதனைக்குச் சோப்யூஐ (SoapUI) என்ற கருவியைப் பயன்படுத்தினோம். தினமும் இரவு 11 மணிக்கு 64 டெஸ்ட்கேஸ்கள், அதாவது தனித்தனிச் சோதனைகள், தானாக ஓடும். 41 கேஸ்கள் சரியான உள்ளீடு கொடுத்துச் சரியான பதிலை எதிர்பார்ப்பவை. மீதி 23-இல் தவறான உள்ளீடு கொடுத்து, சேவை மறுக்கிறதா என்று பார்ப்போம். ஓட்டம் முடிய சுமார் 26 நிமிடம் ஆகும். காலையில் எங்கள் சிறு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு டெஸ்ட்கேஸின் இறுதி நிலையையும் எண்ணி ஒரு மின்னஞ்சல் அனுப்பும்: தோற்றவை சிவப்பு, மற்றவை பச்சை.

நிகழ்வுக்கு முன் அமைப்பு இருந்த நிலை

மூன்று விஷயங்கள் மாதக்கணக்கில் சேர்ந்து வந்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

முதலாவது, ரப்பர் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் பதிலில் உள்ள தொகையைச் சரிபார்க்கும் அசெர்ஷன்கள் (பதில் இப்படி இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புகள்) அடிக்கடி சிவப்பாகின. நாங்கள் அவற்றைப் பல கேஸ்களில் எடுத்துவிட்டு, 'சோப் ரெஸ்பான்ஸ்' என்ற அசெர்ஷனை மட்டும் விட்டுவைத்தோம். வந்த பதில் முறையான சோப் உறையா என்பதை மட்டுமே அது பார்க்கும். பிழைச் செய்தியான ஃபால்ட்டும் முறையான சோப் உறைதான். ஆக, சேவை 'முடியாது' என்று சொன்னாலும் அந்த அசெர்ஷன் தேர்ச்சி கொடுத்துவிடும்.

இரண்டாவது, தவறான உள்ளீடு கொடுக்கும் 23 கேஸ்களிலும் 'சோப் ஃபால்ட்' என்ற அசெர்ஷன் மட்டுமே இருந்தது. ஏதோ ஒரு ஃபால்ட் வந்தால் போதும், பச்சை.

மூன்றாவது நான் செய்தது. சோதனைச் சர்வர் நிலையில்லாமல் இருந்த ஒரு வாரத்தில், அறிக்கை முழுக்கச் சிவப்பாக வந்து உண்மையான பிழை எது என்றே தெரியவில்லை. அப்போது சில டெஸ்ட்கேஸ்களில் பிழை வந்தால் கேஸை அங்கேயே நிறுத்தும் 'அபார்ட் ஆன் எரர்', கேஸைத் தோல்வி என்று குறிக்கும் 'ஃபெயில் டெஸ்ட்கேஸ் ஆன் எரர்' என்ற இரண்டு குறிகளையும் எடுத்தேன். இரண்டும் இல்லாவிட்டால், உள்ளே ஒரு படி தோற்றாலும் டெஸ்ட்கேஸ் 'முடிந்தது' என்றே முடியும். சர்வர் சரியான பிறகு குறிகளைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

முதல் நாள் முதல் எட்டாம் நாள் வரை

சோதனைச் சூழலின் பாஸ்வேர்டு 90 நாளுக்கு ஒருமுறை மாறும். முதல் நாள் மாலை மாறியது. அறிவிப்பு மின்னஞ்சல், எங்கள் குழுவை விட்டு வேறு வேலைக்குப் போனவரின் முகவரிக்குப் போயிருக்கிறது. அன்றிரவு 64 கேஸ்களும் பழைய பாஸ்வேர்டோடு போய்க் கதவருகிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. 64-க்கும் பச்சை என்றது காலை மின்னஞ்சல்.

நான்காம் நாள் சேவையின் புதிய பதிப்பு சோதனைச் சூழலுக்கு வந்தது. அதில் இரண்டு மாற்றங்கள். மையத்தில் இருக்கும் செயலி 30 வினாடிக்குள் பதில் வராவிட்டால் தானே மறுபடி அனுப்பும். முன்பு ஊழியர்தான் பொத்தானை மறுபடி அழுத்துவார். இன்னொன்று, இரட்டைக் கோரிக்கையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு வரவு எண்ணில் இருந்து பரிமாற்றக் குறிப்பு எண்ணுக்கு மாற்றப்பட்டிருந்தது. சிக்கல் இங்கேதான். செயலி மறுபடி அனுப்பும் ஒவ்வொரு முறையும் புதிய குறிப்பு எண்ணை உருவாக்கியது. அதனால் ஒரே ரசீதுக்கு இரண்டாவது தடவை பணம் கேட்டாலும் சேவையின் கண்ணுக்கு அது புதுக் கோரிக்கை.

இதைப் பிடிக்க எங்களிடம் கேஸ் இருந்தது. அதே வரவு எண், வேறு குறிப்பு எண், சேவை மறுக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் நாள் இரவுகள் இரண்டிலும் அந்தக் கேஸ் பச்சை. ஆறாம் நாள் பதிப்பு நேரடிப் பயன்பாட்டுக்குப் போனது.

ஒன்பதாம் நாள் காலை: கவனித்தது

ஒரே காலையில் இரண்டு செய்திகள் வந்தன.

அருமனைப் பக்கம் ஒரு மையத்துக்குப் பால் கொண்டுவந்த வயதான அம்மா ஒருவர், ஊழியரிடம் பாஸ்புக்கை நீட்டியிருக்கிறார். "மக்ளே, எனக்க கணக்குல ரெண்டு பிராவசியம் பைசா ஏறியிருக்கு. என்னன்னு பாருங்க." ஊழியர் அதைப் படம் எடுத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். ஒரே தொகை, ஒரே நாள், அடுத்தடுத்த இரண்டு வரிகள்.

ஏறக்குறைய அதே நேரத்தில் எங்கள் அலுவலகத்தில், சேர்ந்து நான்கே மாதம் ஆன தங்கை ஒருவர் என் மேசைக்கு வந்தார். "அண்ணா, ராத்திரி ஓட்டம் மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கு. முந்தின நாளும் அப்படித்தான். சர்வர் இவ்வளவு வேகமா ஆயிட்டா?" யாரும் அவரிடம் நேரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. பழைய பதிவுகளோடு தானாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இந்த நிகழ்வில் நல்லது என்று சொல்ல ஒன்று இருந்தால் அது இந்தக் கேள்விதான்.

இரட்டைக் கோரிக்கைக் கேஸைத் திறந்து, வந்த பதிலை முழுதாகப் படித்தோம். ஹெச்டிடிபி நிலை (இணையச் சர்வர் பதிலோடு அனுப்பும் எண்) 500. பிழையின் வகையைச் சொல்லும் ஃபால்ட்கோடு இருக்கும் இடத்தில் 'ஃபெயில்ட் ஆதென்டிகேஷன்'. பாதுகாப்பு டோக்கனை ஏற்க முடியவில்லை என்று கீழே ஒரு வரி. நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியது, 'கிளையன்ட்' என்ற ஃபால்ட்கோடும் உள்ளே டீடெயில் பகுதியில் இரட்டைக் கோரிக்கைக்கு உரிய வணிகப் பிழை எண்ணும். பக்கத்துக் கேஸைத் திறந்தோம், அதே பதில். 64-ஐயும் பார்க்கத் தேவைப்படவில்லை.

500 என்ற எண்ணே எங்களுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்காதா என்று நிறுவனத் தரப்பில் கேட்டார்கள். இருந்திருக்காது. 2000-இல் வந்த சோப் 1.1-இன்படி, ஹெச்டிடிபி வழியே எந்த ஃபால்ட் அனுப்பினாலும் நிலை 500 ஆகத்தான் இருக்க வேண்டும். தப்பு கேட்டவருடையதா சர்வருடையதா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. 2003-இல் வந்த சோப் 1.2-இல் அனுப்பியவரின் தவறுக்கு 400 உண்டு. எங்கள் சேவை பழைய முறை, உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அன்றைய முடிவுகள்

முதல் முடிவு நிறுவனத்துடையது: தானாக மறுபடி அனுப்புவதை மதியத்துக்குள் நிறுத்தியது. செயலியில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும் என்பதால் முழுப் பதிப்பையும் திரும்ப எடுக்கவில்லை. பழைய பதிப்புக்குப் போனால் அதன் பிறகு சேர்ந்த ரசீதுகளைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும், அதில் வேறு பிழை நுழையலாம் என்பது அவர்கள் கணக்கு. அதை நாங்களும் ஏற்றோம்.

இரண்டாவது, பணம். தரவுத்தளத்தில் ஒரே வரவு எண்ணுக்கு இரண்டு பரிமாற்றங்கள் உள்ளவற்றைத் தேடியதில் 11 விவசாயிகளுக்கு மொத்தம் 14 தடவை கூடுதலாகப் பணம் போயிருந்தது தெரிந்தது. அடுத்த பால் பணத்தில் சேவையே கழித்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நிறுவனத்தின் கொள்முதல் பொறுப்பாளர் அதை ஏற்கவில்லை. இலை உதிரும் காலத்தில் வெட்டு நின்றுவிடும், அதற்கு முன்னால் வரும் பணத்தை நம்பி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும், கேட்காமல் கைவைக்கக் கூடாது என்றார். 11 பேரையும் நேரில் பார்த்துப் பேசினார்கள். 9 பேர் இரண்டு மூன்று தவணையாகக் கழிக்கச் சம்மதித்தார்கள், இருவர் உடனே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அம்மா இருவரில் ஒருவர்.

மூன்றாவது எங்களுடையது. புதிய பாஸ்வேர்டைப் போட்டு அன்று மாலையே முழு ஓட்டத்தையும் நடத்தினோம். 64-இல் 5 சிவப்பு, இரட்டைக் கோரிக்கைக் கேஸும் அதில் ஒன்று. கடந்த 8 இரவுகளின் அறிக்கைகளையும் 'செல்லாது' என்று எழுத்தில் அறிவித்தோம். மறைக்க முடிந்திருக்கும், பாஸ்வேர்டு மாற்றத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு மாறியதை எங்கள் சோதனை முதல் இரவே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் திருத்தம் தவறாகப் போனது

அவசரத்தில் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டோம். எல்லா டெஸ்ட்கேஸ்களிலும் 'அபார்ட் ஆன் எரர்' குறியைப் போட்டோம். இரவு ஓட்டத்தை நடத்தும் டெஸ்ட்ரன்னருக்கு, பிழையைப் பொருட்படுத்தாமல் தொடரச் சொல்லும் 'ஐ' (-I) என்ற தேர்வையும் எடுத்துவிட்டோம். அது இல்லாவிட்டால் முதல் பிழையிலேயே முழு ஓட்டமும் நின்றுவிடும்.

நடந்தது என்னவென்றால், ஒரு இரவுக்கு ஒரு பிழைதான் தெரிந்தது. முதல் இரவு விலை கேட்பில் நின்றது. அதைச் சரிசெய்தால் மறுநாள் இரவு அதற்கடுத்த கேஸில் நின்றது. மூன்று பிழையைக் காண மூன்று இரவு போனது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கேஸின் கடைசிப் படியாகச் சோதனைத் தரவை அழிக்கும் வேலை இருந்தது. நடுவில் நின்றதால் அந்தப் படிக்குப் போகவே இல்லை. பழைய வரவு எண்கள் அங்கேயே கிடந்து, அடுத்த இரவு பொய்யான இரட்டைக் கோரிக்கைப் பிழைகளைக் கொடுத்தன.

மாற்றியமைத்தது

அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகு உட்கார்ந்து கேள்வியை வேறு மாதிரி வைத்தோம். 'பிழை வந்தால் நிற்பதா, தொடர்வதா' என்று மொத்தத்துக்கும் ஒரே பதில் கிடையாது. எங்கே வந்த பிழை என்பதைப் பொறுத்து அது மாறும்.

சேவையை எட்டவே முடியவில்லை, அல்லது உள்ளே விடவில்லை என்றால் மேற்கொண்டு ஓடுவதில் பயன் இல்லை. எனவே ஓட்டத்தின் தலையில் ஒரு சிறு கேஸ் வைத்தோம். உள்நுழைந்து, மாறாத ஒரு சோதனை விவசாயியின் விவரத்தைக் கேட்டு, பெயர் சரியாக வருகிறதா என்று பார்க்கும். இரவுக் கட்டளைக் கோப்பு முதலில் அதை மட்டும் தனியாக, 'ஐ' இல்லாமல் ஓட்டும். தோற்றால் அங்கேயே எல்லாம் நிற்கும்.

அதைத் தாண்டிய பிறகு மீதிக் கேஸ்கள் 'ஐ' தேர்வோடு ஓடும், ஒரு கேஸ் தோற்றாலும் அடுத்தது தொடரும். ஒரே கேஸுக்குள் படிகள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் அங்கே 'அபார்ட்' உண்டு. உதாரணமாக, வரவைப் பதிந்து, கிடைக்கும் எண்ணை எடுத்து, அதற்குப் பணம் கேட்கும் கேஸ். முன்பு பதிவு தோற்றால் வரவு எண் காலியாகவே அடுத்த படிக்குப் போகும், காலி எண்ணுக்குச் சேவை ஃபால்ட் தரும், மறுப்பை எதிர்பார்த்த கேஸ் பச்சையாகிவிடும். இப்போது எண்ணை எடுக்கும் படியே காலி என்றால் தோற்கும். 'ஃபெயில் டெஸ்ட்கேஸ் ஆன் எரர்' மட்டும் விதிவிலக்கே இல்லாமல் எல்லாக் கேஸிலும் போட்டோம். தரவு அழிப்பைக் கேஸின் கடைசியில் இருந்து தொடக்கத்துக்கு மாற்றினோம். முந்தைய இரவு எப்படி முடிந்திருந்தாலும் கவலை இல்லை.

23 மறுப்புக் கேஸ்களுக்குத்தான் அதிக நேரம் செலவானது, மூன்று முழு நாட்கள். ஒவ்வொன்றிலும் இப்போது மூன்றைப் பார்க்கிறோம். ஃபால்ட்கோடு, டீடெயிலில் உள்ள வணிகப் பிழை எண், பிறகு தனிக் கோரிக்கை ஒன்றால் 'உண்மையில் எதுவும் பதியப்படவில்லை' என்பது. ஃபால்ட்ஸ்ட்ரிங்கில் இருக்கும் வாசகத்தைச் சரிபார்ப்பதில்லை. அது மனிதர் படிப்பதற்கு, யாராவது எழுத்துப்பிழை திருத்தினால் கேஸ் உடையும். மூன்றாவது சரிபார்ப்பு ஒரு கேஸில் உடனே பலன் கொடுத்தது: சேவை மறுப்புச் சொல்லிவிட்டு, வரவை மட்டும் பதிந்துவைத்திருந்தது.

சரியான உள்ளீட்டுக் கேஸ்களில் 'நாட் சோப் ஃபால்ட்' போட்டு, தொகைக்குப் பதில் அது கணக்கிடப்பட்ட விதத்தையே சரிபார்த்தோம். சோதனைச் சூழலுக்கு விலையை ஒரே எண்ணாக நிறுத்திவைக்கச் சொன்னோம். இதை ஒரு வருடம் முன்பே கேட்டிருக்கலாம்.

டைம்அவுட்: தனியாகச் சொல்ல வேண்டியது

எங்கள் சோதனையில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 120 வினாடி என்று வைத்திருந்தோம். மையத்துச் செயலி 30 வினாடியில் கைவிடுகிறது. வங்கி 40 வினாடி எடுத்துக்கொண்டால் எங்கள் கருவி பொறுமையாகக் காத்திருந்து நல்ல பதிலை வாங்கிக்கொள்ளும், மையத்திலோ இரண்டாவது கோரிக்கை கிளம்பிவிடும். களத்தில் நடக்கும் சிக்கலை எங்கள் சோதனை பார்க்கவே வழியில்லாமல் இருந்தது. சாக்கெட் டைம்அவுட்டை 30000 மில்லிவினாடிக்குக் குறைத்தோம்.

அப்புறம் எதிர்ப்பக்கம். வங்கியின் இடத்தில் சோப்யூஐயின் மாக் சேவை என்ற போலிச் சேவையை வைத்து, வேண்டுமென்றே கெட்ட பதில்களைக் கொடுக்க வைத்தோம். 45 வினாடி கழித்து வெற்றி என்று ஒரு பதில். கோரிக்கையை வாங்கிக்கொண்டு பதிலே தராமல் இணைப்பை அறுப்பது. எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் 503 நிலையோடு ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம். நிலை 200 என்று போட்டு உள்ளே ஃபால்ட். ஹெச்டிஎம்எல் பக்கம் வந்தபோது எங்கள் சேவை திணறி, ஜாவாவின் உள்பிழை விவரத்தை அப்படியே மையத்து ஊழியரின் திரையில் கொட்டியது. யாரும் நினைத்துப் பார்க்காத கேஸ்.

டைம்அவுட் வந்தால் பணம் போகவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. போயிருக்கலாம், பதில்தான் வரவில்லை. எனவே அந்தக் கேஸ்களில் டைம்அவுட்டுக்குப் பிறகு நேராகத் தோல்வி என்று முடிக்காமல், அதே குறிப்பு எண்ணைக் கொண்டு நிலை கேட்டு, ஒரே ஒரு பரிமாற்றம் இருப்பதை உறுதிசெய்யும் படியைச் சேர்த்தோம். சேவையை எழுதியவர்களும் இதே முறைக்கு மாறினார்கள்: செயலி ஒரு ரசீதுக்கு ஒரே குறிப்பு எண்ணைத்தான் கடைசிவரை பயன்படுத்தும், மறுபடி அனுப்பும் முன் நிலையைக் கேட்கும், சேவை வரவு எண், குறிப்பு எண் இரண்டையும் சரிபார்க்கும்.

பின்னர் நடந்தது

தானாக மறுபடி அனுப்பும் வசதி ஐந்து வாரம் கழித்துத் திரும்ப வந்தது. அதன் பிறகு மூன்று மாதம் கணக்குப் பிரிவு தினமும் இரட்டைப் பரிமாற்றத்தைத் தேடியது, ஒன்றும் இல்லை.

அடுத்த 90 நாளில் பாஸ்வேர்டு மறுபடி மாறியது. இம்முறை அறிவிப்பு குழுவின் பொது முகவரிக்கு வந்தது. ஆனாலும் சோதனைக்காக வேண்டுமென்றே அன்றிரவு பழையதையே விட்டுவைத்தோம். ஓட்டம் முதல் கேஸிலேயே நின்றது. காலை மின்னஞ்சலில் ஒரே வரி: உள்நுழைவு தோல்வி, மீதி 64 கேஸ்கள் ஓடவில்லை. 'ஓடவில்லை' என்ற அந்த மூன்றாவது நிலை முன்பு எங்கள் அறிக்கையில் இல்லை. பச்சை, சிவப்பு இரண்டுதான் இருந்தன.

இதையே வழக்கமாக்கினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறான பாஸ்வேர்டோடு, தலைக் கேஸைத் தாண்டவிட்டு முழு ஓட்டம் ஒன்று நடக்கும். 64-உம் சிவப்பாக வர வேண்டும். முதல் வெள்ளியன்று 2 கேஸ்கள் பச்சையாகவே இருந்தன. திறந்து பார்த்தால், அசெர்ஷனே இல்லாத படிகள்.

இனி வேறு விதமாகச் செய்வது

ஓட்டம் எடுத்துக்கொண்ட நேரத்தை முதல் நாளிலேயே அறிக்கையில் சேர்த்திருப்பேன். இப்போது வழக்கமான நேரத்தில் பாதிக்குக் கீழே போனால் அறிக்கை தானாகவே சந்தேகம் என்று குறிக்கிறது. அசெர்ஷனை எடுப்பதும், பிழைக் குறியை மாற்றுவதும் இனி ஒருவர் முடிவு அல்ல. சோப்யூஐயின் ப்ராஜெக்ட் கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால் அந்த மாற்றம், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஒரு வரியாகத் தெரியும், இன்னொருவர் பார்த்த பிறகுதான் சேரும். நான் அன்று எடுத்த குறிக்கு அப்படி ஒரு கண் இருந்திருந்தால், ஏன் எடுத்தாய், எப்போது திரும்பப் போடுவாய் என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. சேவையின் விவரக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லில் எந்தச் செயல்பாடு எந்த ஃபால்ட்களைத் தரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் வணிகப் பிழை எண்களின் பட்டியலை நாங்கள் ஒரு எக்செல் தாளில் கையால் வைத்திருக்கிறோம். எழுதியவர்கள் ஏழில் ஐந்து செயல்பாடுகளுக்கு அறிவித்துவிட்டார்கள். மீதி இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை. வெட்டு நின்றிருக்கும் பிப்ரவரியில், மையங்கள் ஓய்ந்திருக்கும்போது அவற்றை எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.